அருவியும் அந்தரமும்: ஓர் ஆராய்ச்சி

2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ என்னும் அமெரிக்கச் செல்வந்தர் சுமார் 2 கோடி டாலர் கட்டி, ரஷ்யரின் சோயுஸ் கலத்தில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த நாள்தொட்டு, ஆகாய யாத்திரை வீரர்களுக்கு மட்டும் உரியதன்று, காசுள்ள சாமானியர்க்கும் உரியதே என்னும் கட்சி வலுத்து வருகிறது. விஜயவாடாவில் பிறந்த கோபி தோட்டகூரா 2024 மே மாதத்தில் 'ப்ளூ ஆரிஜின்' கம்பெனியின் கலத்தில் மேலே சென்று, இந்தியரில் முதல் விண்வெளிச் சுற்றுலாப் பயணி என்று பெயரெடுத்தார். நம் பக்கத்திலோ, மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்கள் உறுமுகின்றன; குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. (அது சிறு செயற்கைக்கோள்களுக்கானது, ஆளேற்றுவதற்கன்று என்பதையும் சத்தியத்தை முன்னிட்டுச் சொல்லிவிட வேண்டும்.) ஆகவே, தென்காசி வாசிகள் குடும்ப சமேதராய் அந்தரத்துக்குப் புறப்படும் காலம் வருமாயின் அவர்கள் அடையப்போகும் சுகதுக்கங்கள் யாவை என்பதை முன்கூட்டியே சாஸ்திரோக்தமாக விசாரித்து வைப்பது அவசியமாகிறது.

முதலில் பூர்வபக்ஷம். உலகத்தில் விண்வெளிப் பிரயாணத்துக்குப் பூரண பக்குவம் பெற்றவர்கள் குற்றாலத்துச் சீஸன்காரர்களே என்பது அக்கட்சி. இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கோபி தோட்டகூரா சென்ற வகைப் பயணம் ஏறி இறங்கச் சுமார் 10 நிமிஷம். அதில் எடையற்று மிதப்பது மூன்று நான்கு நிமிஷமே. இவ்வளவு பணத்துக்கு இவ்வளவுதானா என்று மேல்நாட்டார் அங்கலாய்க்கலாம். ஆனால் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, வண்டி நிறுத்த இடந்தேடி, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வரிசையில் நின்று, பேரருவியின் கீழே பத்துப் பேர் முதுகுக்கு இடையில் கையை நுழைத்து இரும்புக் கம்பியைப் பற்றி, பிடரியில் தண்ணீர் 'தடதட'வென்று இறங்கத் தொடங்கிய க்ஷணத்திலேயே போலீஸ்காரர் விசில் ஊத வெளியேறி, ஈர வேட்டியோடு நேந்திரங்காய் சிப்ஸ் கொறித்துக்கொண்டு "நல்ல குளியல்" என்று மனநிறைவோடு சொல்லும் ஒருவருக்கு, நான்கு நிமிஷம் ஒரு யுகமல்லவா?

ஆகார விஷயம் இன்னும் நுட்பமானது. 1984-இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்காக மைசூர் ஆய்வுக்கூடம் இந்திய உணவு தயாரித்தது. 2025-இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோனார். அல்வாவுக்கு அனுமதி உண்டென்றால் திருநெல்வேலிச் சீமைக்கு வேறென்ன வேண்டும்? இடர்ப்பாடு புரோட்டாவில்தான். அந்தரத்தில் துகள் சத்துரு. 1965-இல் ஜான் யங் ஜெமினி கலத்துக்குள் ஒளித்துக் கொண்டுபோன சாண்ட்விச்சின் துணுக்குகள் மிதக்கத் தொடங்கி, விவகாரம் அமெரிக்க மக்கள் சபைக் கமிட்டிவரை போயிற்று. செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் புரோட்டாவோ மொறுமொறுவென்று உதிர்வதையே லக்ஷணமாகக் கொண்டது. சால்னாவில் ஊறவைத்தால் உதிராது என்பர் ஒரு சாரார். அப்போது சால்னாவே உருண்டையாகத் திரண்டு பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணை நாடிப் போகுமே என்பது என் ஆக்ஷேபம். மற்றபடி, எடையற்ற நிலையில் உடம்பின் திரவமெல்லாம் தலைக்கேறி மூக்கடைத்து நாக்கு மரத்துப்போவதால், வீரர்கள் காரத்தைத் தேடுகிறார்கள் என்பது தெரிந்ததே. நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்கு அங்கே நல்ல எதிர்காலம் உண்டு.

இனிச் சித்தாந்தம். மேற்கூறிய யாவும் ஒருபுறம் இருக்க, பூர்வபக்ஷத்தை அடியோடு சாய்த்துவிடுவது ஸ்நானம் ஒன்றே. அங்கே தண்ணீர் விழாது. ஊற்றினால் தோலின்மேல் சவ்வாகப் படிந்து அட்டையாய் ஒட்டிக்கொள்ளும். உதறினால் கோளமாகி அலையும். 1973-இல் ஸ்கைலாப் நிலையத்தில் துணிக்கூண்டு ஒன்றை மாட்டி அதற்குள் குளிக்கப் பார்த்தார்கள்; உடம்பில் ஒட்டிய நீரை உறிஞ்சி எடுக்கவே பெரும்பாடாயிற்று. இப்போதைய நிலையத்தில் ஈரத்துண்டால் துடைப்பதோடு சரி. எண்ணெய் தேய்த்தவர் எண்ணெயோடேயே நிற்பார். நிற்கவும் மாட்டார், மிதப்பார். குடிக்கும் தண்ணீரோ, பிரயாணிகளின் வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்து எடுத்தது. மூலிகைக் காட்டில் புரண்டு, பொங்குமாங்கடலில் குதித்து, மறுபடி எழும்பித் தலையில் வந்து விழும் நீரைப் பற்றி மணிக்கணக்கில் பிரஸ்தாபிக்கும் ஊர்க்காரரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். தென்காசிக் கோபுர வாசலில் சாரலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற அண்ணாச்சி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி தலையில விழாதுன்னா, பெறவு அம்புட்டுத் தூரம் எதுக்குவே போவணும்?" என்றார். இதற்கு மேல்நாட்டு நூல்களில் சமாதானம் கிடைக்கவில்லை.

கலத்தைச் சுழலவிட்டுச் செயற்கை எடையை உண்டாக்கலாம் என்னும் யோசனை ரஷ்ய அறிஞர் ஸியோல்கோவ்ஸ்கி காலம்தொட்டு இருந்து வருகிறது, இன்னும் கைகூடவில்லை. அது கைகூடும்வரை எங்கள் ஜில்லாவில் டிக்கெட் விற்க முனைய வேண்டாமென்று சம்பந்தப்பட்ட கம்பெனியாரைக் கேட்டுக்கொள்கிறேன். விற்றே தீருவதாயின், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களையாவது விட்டுவிட்டு விற்பார்களாக.