திராட்சைத் தோட்டம் பாக்கப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, சீமைக்குப் போறியாமே, சந்தோசம். அரமனை பாக்கப் போறியோ, கோட்டை பாக்கப் போறியோன்னு உங்க அம்மகிட்ட கேட்டா, "இல்லண்ணே, திராட்சைத் தோட்டத்தைச் சுத்திப் பாக்கப் பணம் கட்டியிருக்கான்"ங்கா. ஒரு எட்டு வயலுக்குப் போயி மடைய அடச்சிட்டு வாலேன்னா, வெயிலு அடிக்குன்னு பாயைச் சுருட்டாமக் கெடந்த பய நீ. இப்பம் எவன் வயக்காட்டுலயோ நடக்கதுக்கு டிக்கெட்டு! நடக்கட்டும், நடக்கட்டும். தாய்மாமன் ஒருத்தன் உசுரோட இருக்கும்போது புத்தி சொல்லாம அனுப்பப்படாதுல்லா, கேட்டுக்கோ.

மொதல்ல காலம் பாத்துப் போ. தை, மாசியில போனா வெறுங்குச்சியத்தான் எண்ணிட்டு வரணும். சித்திரையில குருத்து விடும். அப்பமும் ராத்திரி உறைபனி விழுந்து குருத்து கருகிரக்கூடாதேன்னு வரிசை வரிசையா மெழுகு விளக்கு ஏத்திக் காவல் இருப்பானுவ. நாம கார்த்திகைக்குச் சாமிக்கு ஏத்துதோம், அவன் கொடிக்கு ஏத்துதான். புரட்டாசி பொறந்த பொறவு போ, அறுப்பு நடக்கும். லண்டன்லருந்து ரயிலேறினா டார்க்கிங்னு ஒரு ஊரு. அங்க டென்பிஸ்னு ஒரு தோட்டம், 265 ஏக்கர், 1986-ல நட ஆரம்பிச்சது. கென்ட் பக்கம் போனா டென்டர்டென்ல சேப்பல் டவுன். சசெக்ஸ்ல நைடிம்பர். கார் எடுத்துட்டு மட்டும் போயிராத. ஸ்டீரிங்கைப் பிடிச்சவன் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு மத்தவன் குடிக்கதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அந்த வேலைக்கு உன் பொஞ்சாதிய அமத்திரலாம்னு நெனச்சியோ, ஊரு திரும்பின பொறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது.

அங்கன ஒருத்தன் மொதல்ல மண்ணைப் பத்தித்தான் பேசுவான். கொட்டாவி விடாமக் கேளு. பிரான்சுல ஷாம்பெயின் நாட்டுல இருக்க அதே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கடலுக்கடியில ஓடி இங்கிலாந்தோட தெக்குப் பக்கத்துல தலைதூக்குது. மழைத் தண்ணிய உறிஞ்சி வச்சிக்கிட்டு வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும். ஷார்டனே, பினோ நுவார், பினோ மெனியேன்னு பிரான்சுச் சாதிக் கொடியெல்லாம் அதுல வேர்பிடிச்சு நிக்கி. பூமி சூடாயிட்டு வருதா, முன்னால பழுக்காத பழம் இப்பம் பழுக்கு. இதைக் கண்டுக்கிட்டு, ஷாம்பெயின்காரனான டெத்தாஞ்சேவே 2015-ல கென்ட்ல நெலம் வாங்கிப் போட்டுட்டான்.

இதைக் கேட்டு வாயைப் பொளக்காத. எந்த மண்ணு, எந்தத் தண்ணின்னு பெருமை பேசுதது நமக்கென்ன புதுசா? சம்பாக் கோதுமைப் பாலை எந்த ஊருக்காரன் வேணும்னாலும் கிண்டலாம், தாமிரபரணித் தண்ணி இல்லாட்டா அது திருநவேலி அல்வா ஆவாதுன்னு நாம எத்தனை தலைமுறையாச் சொல்லுதோம்? ஆனா நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்புல சாயங்காலம் வரிசையில நிக்கவனுக்கு ஆத்தைக் காட்டி, கோதுமையக் காட்டி, கிண்டுத சட்டியக் காட்டி ஒரு டிக்கெட்டு கிழிக்கணும்னு நம்மள்ள எவனுக்கும் தோணல. வெள்ளைக்காரனுக்குத் தோணியிருக்கு.

பொறவு சரித்திரம் சொல்லுவான். 1086-ல ராசா எடுத்த நெலக் கணக்குலயே திராட்சைத் தோட்டம் இருக்குன்னு ஆரம்பிப்பான். நுரைக்கிற மதுவுக்குப் பிரான்சுக்காரன் டாம் பெரிஞோன் சாமியாரைக் காட்டுவான். அவரு மடத்துக்கு வந்ததே 1668-ல. அதுக்கு முன்னாலயே, 1662-ல, கிறிஸ்டோபர் மெரட்டுன்னு ஒரு இங்கிலீசு வைத்தியரு, மதுவுல சீனியப் போட்டு நுரைக்க வைக்கத எழுதிப் படிச்சிருக்காருன்னு பெருமை அடிப்பான். அப்பம் நீ சும்மா இருக்காத. எங்க கொற்கைய ஆண்ட பாண்டியன் குலத்துல நன்மாறன்னு ஒருத்தன் இருந்தான், யவனன் கப்பல்ல கொண்டாந்த மதுவைப் பொன் கிண்ணத்துல வாங்கிக் குடிச்சான், நக்கீரரே புறநானூத்துல பாடியிருக்காருன்னு எடுத்து விடு. எங்க ராசா தோட்டத்தைத் தேடிப் போகல, மது அவரைத் தேடி வந்ததுன்னும் சேத்துக்கோ.

இனி குடிக்கிற லெச்சணம். கிண்ணத்தை அடித்தண்டுல பிடிக்கணும், வயித்துல பிடிக்கப்படாது, கைச்சூடு ஏறிரும். வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணும். ஒரு சுத்துச் சுத்தி மூக்கை உள்ள விடணும். பொறவு ஒரு வாய் எடுத்து, கொப்பளிச்சு, பக்கத்துல வச்சிருக்க பாத்திரத்துல துப்பிரணும். ஆமால, துப்பணும். நம்ம தாத்தா வெத்திலைக்கு வச்சிருந்த படிக்கம் இருக்குல்லா, அதேதான். பத்து வகைய ருசி பாக்கவனுக்கு நிதானம் தப்பிரக்கூடாதுல்லா, அதுக்குத்தான். நீ துப்ப மாட்ட, எனக்குத் தெரியும். காசு குடுத்ததைத் துப்புத பழக்கம் நம்ம வம்சத்துலயே கெடையாது. பச்சை ஆப்பிளு வாசம், எலுமிச்ச வாசம்னு அவன் சொல்லும்போது மண்டைய ஆட்டு. ரொட்டி வாசம்னா மட்டும் நிசந்தான். அந்தப் பாட்டிலுக்குள்ளயே ரெண்டாந்தடவ நொதிக்க விட்டு, ஈஸ்ட்டோட மாசக்கணக்கா, வருசக்கணக்காப் படுக்கப் போட்டிருப்பான். நம்ம வீட்டுல கள்ளு ஊத்திப் புளிக்க வச்ச ஆப்பமாவு கணக்கா ஒரு மணம் வரும்.

கள்ளுன்னு வாயில வந்துட்டு, அதையும் பேசிருவோம். அங்க சுண்ணாம்புல வேர் விட்டது மதுவாவுது. இங்க கலயத்துக்குள்ள சுண்ணாம்பைத் தடவுனா மது ஆவாம நிக்கி. அதான் பயினி, படிச்சவன் பதநீர்ம்பான். சுண்ணாம்பு தடவாட்டா சாயங்காலத்துக்குள்ள கள்ளு. அந்தக் கள்ளுக்கு 1987 ஜனவரி 1-லருந்து நம்ம மாநிலத்துல தடை. சீசாவுல அடச்ச சரக்கை 2003-லருந்து சர்க்காரே கடை போட்டு விக்கி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துல கள்ளுக்கடை சட்டப்படி நடக்கு. பனை மரம் மட்டும் நம்ம மாநில மரம். மரத்துக்கு மாலை, பாளைக்குப் பூட்டு. இதை அந்த இங்கிலீசுக்காரனுக்கு வெளக்கிச் சொல்லிராத, அவனுக்குத் தலை சுத்திரும், நீ குடிக்காமலே.

ஆனா பயினிக்குத் தடை இல்லையே? கருப்பட்டிக்குத் தடை இல்லையே? கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாச்சு. திசையன்வெளைப் பக்கம் பனங்காட்டுக்கு விடியக்காலம் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போயிப் பாரு. காலுல தளைநாரைப் போட்டு, அரிவாப்பெட்டிய இடுப்புல கட்டி, பனையேறி காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஏறுதான். பாளைய ஒரு சீவு சீவாட்டா மறுநா சொட்டு வராது. விடிலிக் குடிசையில அவன் வீட்டுக்காரி அடுப்புப் புகையில நின்னு காய்ச்சி, சிரட்டையில ஊத்தி எடுக்கா. ஓலைப் பட்டையில பயினிய வாங்கி, மாங்காய்த் துண்டைப் போட்டுக் குடிச்சா எவனும் துப்ப மாட்டான். இதுல எதுக்குக் கொறச்சல்? கதையா, கைத்தொழிலா, மண்ணா? டிக்கெட்டு மட்டுந்தான் இல்ல.

அதனால போயிட்டு வா. குடிக்கதைப் படிக்காத, அதுல உனக்குப் பாடம் தேவையில்ல. அவன் விக்குத வித்தையப் படி. கொடி நறுக்குதவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசு, ஊத்திக் குடுக்கவன் பேச்சை மட்டும் நம்பாத. ஊரு திரும்பின பொறவு, சீனி கலந்த கருப்பட்டிய மலிவுன்னு தூக்காம, நல்லதைப் பாத்து வாங்கு. சீமையில நடக்கதுக்கே கேட்ட காசைக் குடுத்தவன், இங்க பனை ஏறி எறங்குனவன்கிட்ட பேரம் பேசப்படாது.