கேம்பர் டிரெய்லர் இழுப்போரின் தடத் தேர்வு: ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வுப் பொருள்

வீட்டையும் வீட்டுக் கவலையையும் விட்டு இயற்கையை நாடிச் செல்பவர், கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை ஆகியவற்றின் இன்னொரு தொகுதியை வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பெட்டியே கேம்பர் டிரெய்லர் எனப்படும். இதை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் எந்தத் தடத்தில் போவது என்பதே ஆய்வுச் சிக்கல். சிக்கலை ஆராய்வது மட்டுமே நம் நோக்கம். தீர்த்துவிட்டால் அடுத்த ஆய்வாளருக்கு வேலை இராது.

ஆய்வெல்லை

கலிபோர்னியாவின் இன்டர்ஸ்டேட் சாலைகள் மட்டும். அங்கே போக்குவரத்து வலப்பக்கம் என்பதால் மெதுவாகச் செல்வோர்க்குரியது வலக்கோடித் தடம். இங்கிலாந்தில் இது தலைகீழ். மூன்று தட மோட்டார்வேயில் கேரவன் இழுப்போர் வலக்கோடித் தடத்தில் செல்லவே தடை. அதை ஆராய நேரில் போயாக வேண்டும். நிதி வந்ததும் மேற்கொள்ளப்படும்.

முன்னாய்வுகள்

இச்சிக்கலைத் தான் தீர்த்துவிட்டதாக மாநில வாகனச் சட்டம் நம்பிக்கொண்டிருக்கிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். போக வேண்டியது வலக்கோடித் தடம். முந்துவதற்கு அதற்கு அடுத்த தடம். ஒரு திசையில் நான்கோ அதற்கு மேலோ தடங்கள் இருந்தால், வலமிருந்து இரண்டாவதிலும் போகலாம். இதற்குப் பிறகும் தேர்வு செய்ய என்ன மிச்சம் என்று கேட்பவர் டிரெய்லர் இழுத்தவராக இருக்க முடியாது.

முதற் கருதுகோள்: வலக்கோடியே தகும்

சட்டம் ஆதரிக்கிறது; சாலை மறுக்கிறது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா அருகே தனிச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு லாரிகளை ஓயாமல் சுற்றவிட்டுச் சோதித்தார்கள். அச்சின் சுமை இரட்டித்தால் சாலையின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அதில் தெரிந்தது. 36 டன் லாரிகள் இரவும் பகலும் ஓடும் வலக்கோடித் தடம் எந்த நிலையில் இருக்கும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். உய்த்துணர இயலாதவர் அடுத்த நிறுத்தத்தில் டிரெய்லரின் அலமாரியைத் திறக்கலாம். முதலில் வருவது மிளகாய்த்தூள் டப்பா. அதன் மூடி ஏற்கெனவே வந்திருக்கும்.

போதாக்குறைக்கு, 55 என்பதை அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொண்ட லாரி ஒன்று இடப்புறம் கடக்கும். அதன் முகப்புக் காற்று டிரெய்லரை முதலில் ஓரத்துக்குத் தள்ளும். உடல் கடக்கும்போது தன் பக்கம் இழுக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்கொக்கியில் அமர்ந்திருந்தால் ஆட்டம் தானே அடங்கும். பின்பக்கம் கனமென்றால் வால் ஆடத் தொடங்கும். அப்போது காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தாமல், ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் பிடிக்க வேண்டும் என்பது துறை வல்லார் துணிபு. கூடவே குலதெய்வத்தையும் அழைப்பது வழக்காறு.

இரண்டாம் கருதுகோள்: அடுத்த தடமே தகும்

நான்கு தடச் சாலையில் இது பொருந்தும். சாலைக்குள் நுழைவோரும் வெளியேறுவோரும் வலக்கோடியிலேயே முட்டிமோதுவர். இரண்டாவதில் இருப்பவர்க்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மத்தியப் பள்ளத்தாக்கில் ஐ-5 சாலை பெரும்பாலும் திசைக்கு இரண்டே தடம். அங்கே அடுத்த தடம் என்பது 70 மைலில் வருவோரின் பரம்பரைச் சொத்து.

முன்னே ஒரு லாரி 54 மைலில் போகிறது என்க. நாம் சட்டப்படி 55இல் முந்துகிறோம். இரு வண்டிகளின் நீளத்தையும் இடைவெளிகளையும் சேர்த்து 100 மீட்டர் கடக்க வேண்டும். வேக வேறுபாடோ நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. ஆக, ஏறத்தாழ நான்கு நிமிடம். அதற்குள் சாலையில் ஐந்தரைக் கிலோமீட்டர் போயிருக்கும். வலக்கோடித் தடத்தின் உரிப்பொருள் இரங்கல் என்றால் இத்தடத்தின் உரிப்பொருள் ஊடல். ஊடுவோர் பின்னால் வரிசை கட்டிய கார்க்காரர். விளக்கை மின்னி மின்னி ஊடுவர்.

தொகுப்புரை

200 மைல் பயணத்தை 54இல் போனால் சுமார் 222 நிமிடம். 55இல் போனால் 218. முந்தியதால் மிச்சமாவது நான்கு நிமிடம். முந்துவதற்கு ஆனதும் அதே நான்கு நிமிடம். எனவே, சிறந்த தடம் என்பது மாற வேண்டாத தடம்: நான்கு தடச் சாலையில் வலமிருந்து இரண்டாவது, இரண்டு தடச் சாலையில் லாரிக்குப் பின்னால், போதிய இடைவெளி விட்டு.

மேலாய்வுக் களம்

முகாமில் டிரெய்லரை ரிவர்ஸில் உள்ளே விடும்போது, பின்னால் நின்று வழிகாட்டும் மனைவி ‘இன்னும் கொஞ்சம் லெஃப்ட்’ என்கிறாரே, அது யாருடைய லெஃப்ட் என்பதை ஆராயத் திருமணமாகாத ஆய்வாளர்கள் வரவேற்கப்படுகிறார்கள்.