சபை மாந்தர் இயல்

கோயிலுக்கு வருவோரை விசுவாசிகள், அவிசுவாசிகள் என இரண்டாகப் பகுப்பது பழைய மரபு. இப்பகுப்பு பரலோகத்தில் பயன்படலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பெஞ்சுகளுக்கு உதவுவதில்லை. ஆகவே திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் சி.எஸ்.ஐ. சபைகளைக் கண்டும் கேட்டும் இவ்வியல் செய்யப்பட்டது. பிற சபையார் தத்தம் ஊர்ப்பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளத் தடையில்லை.

நூற்பா 1
பிறந்தார், கட்டி வந்தார், மாற்றலில் வந்தார்,
மாறி வந்தார் என நால்வர் சபையார்.

உரை: பிறந்தார் எனப்படுவோர், தாத்தா பெயர் எழுதிய மின்விசிறிக்குக் கீழே உட்காருவோர். அது தங்கள் இடம் என்பது இவர்களுக்கே தெரியாது. வேறொருவர் அங்கே உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரியவரும். கட்டி வந்தார், மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கப்பட்டு வேறு ஊரிலிருந்து வந்த மருமகள்மார். எந்தப் பாமாலையை இங்கே எந்த இடத்தில் இழுப்பார்கள் என்பதை ஓராண்டில் பிடித்துக்கொண்டு, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வழியாகப் பத்தாண்டில் பிறந்தாரையே அதட்டும் நிலைக்கு வந்துவிடுவர். மாற்றலில் வந்தார் வங்கி, மின்வாரியம், ரயில்வேக்காரர். கணக்குத் தெரிந்தவர் என்று கண்டதும் சபை இவர்களை அன்போடு வளைத்துக்கொள்ளும். அடுத்த மாற்றல் உத்தரவு வரும்வரை அந்த அன்புக்குக் குறைவில்லை.

மாறி வந்தாரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அன்று கோயில் நிறைந்திருக்கும். புதுப்பெயர் வைப்பர், போதகர் மனைவியான ஐயரம்மா கண் துடைப்பார், ஊர் முழுக்கக் கைகொடுக்கும். அடுத்த சில ஆண்டுகள் கன்வென்ஷன்தோறும் இவரைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவர். சம்பந்தம் பேச மட்டும் கூப்பிடமாட்டார்கள். பெண் கேட்டுப் போனால், "நல்ல பையன், ஜெபிக்கிற பையன், ஆனா…" என்று ஒரு வாக்கியம் நிற்கும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருப்பதை எந்த ஐயரும் பிரசங்கத்தில் விரித்துரைத்ததாகக் கேட்டதில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தச் சீமையில் இன்று பிறந்தாராக இருப்போர் எல்லாரும் மாறி வந்தாரின் பேரப்பிள்ளைகளே. ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காகத்தான் 1799இல் முதலூர் உண்டாயிற்று. இப்படிப்பட்டோர் குடியேற நிலம் வாங்குவதற்கென்றே மிஷனரி ரேனியஸ் 1830இல் தர்ம சங்கம் தொடங்கினார். அந்நாளில் சபையில் இடம் என்றால் மனையும் கிணறும், உருவகம் அன்று. மனை கிடைத்தவர் வழிவந்தோர் இன்று புதிதாக வருகிறவரிடம் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பர். கேட்கப்படுவது ஊர் அன்று என்பதை இருவரும் அறிவர்.

நூற்பா 2
வாராமை அறியப்படுதலே உரிமை.

உரை: ஒருவர் சபைக்கு உரியவரா என்று அறிய அவர் வருகையைப் பார்க்கலாகாது, அவர் வராத ஞாயிற்றைப் பார்க்க வேண்டும். "என்ன தம்பி, ரெண்டு வாரமா கோயில்ல காணலியே, மேலுக்குச் சொகமில்லியா?" என்று ஓர் அண்ணாச்சி வழியில் மறித்தால் அவர் உரியவர். இக்கேள்வியில் பாதி விசாரிப்பு, பாதி விசாரணை. பாதியை மட்டும் பெற்றுக்கொள்ள வழியில்லை.

இதற்குப் புறனடை அசனம் என்னும் சபைப் பொதுவிருந்து. ஆண்டு முழுதும் காணாதவரும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் பஸ்ஸும் ரயிலும் ஏறி அன்றைக்கு வருவர். யாரும் எதுவும் கேட்பதில்லை. பந்தியில் சோறு விழும்; வழக்கில் இருக்கும் சித்தப்பா மகனே பக்கத்து இலையில் இருப்பார்; "கொழம்பு ஊத்துங்க, இவுகளுக்கு இன்னும் விழல" என்று அவரே குரல் கொடுப்பார். திருவிருந்தில் கூடாத காரியம் அசனத்தில் கூடிவிடுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். ஆராய்ந்தவர் இலர்.

நூற்பா 3
ஏமாற்றம் உரியார்க்கே, பிறர்க்கு இல்லை.

உரை: திரித்துவம் விளங்கவில்லை என்று சபையை விட்டுப் போனவர் ஒருவரும் இலர். பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது ஐயர் பார்க்க வரவில்லை என்று போனவர் பலர். அந்த ஐயர் அதே வாரம் எதிர்வீட்டுக் கமிட்டி மெம்பரின் காய்ச்சலுக்குப் போய் ஜெபித்திருந்தால் இவ்வகை முற்றுப்பெறும். இது காணாமை எனப்படும் முதல் ஏமாற்றம்.

இரண்டாவது, சொல்லாமை. பிரதிஷ்டைப் பண்டிகை நோட்டீஸில் பெயர் விடுபடுதல், கிறிஸ்துமஸ் பாட்டில் மகளுக்குத் தனிக்குரல் தராமை, கேரல் ரவுண்ட்ஸ் தெருவைத் தாண்டிப் போய்விடுதல் ஆகியன இதனுள் அடங்கும்.

மூன்றாவது, எண்ணப்படுதல். இது சபைத் தேர்தல் காலத்தில் வரும். ஒருவர் தம்மை ஆத்துமா என்று நினைத்திருக்க, அணிக்காரர் அவரை ஓட்டு என்று எண்ணிவைத்திருப்பது கண்ணில் படும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இதன் ஒத்திகையைக் காணலாம். ஒரு பூசணிக்காய் நானூறு ரூபாய்க்குப் போகும். விலை காய்க்கு அன்று, கேட்கிற குரலுக்கு. ஒற்றை முட்டை கொண்டுவந்து படைத்த விதவைத்தாய் பின்பெஞ்சிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். காணிக்கைப் பெட்டி விதவையைப் பற்றிய பிரசங்கம் அதே மாதம் இன்னொரு ஞாயிற்றில் வரும்.

நான்காவது, இடம் பற்றியது. இதற்கு மேற்கோளைக் கத்தோலிக்கரிடம் கடன் வாங்க வேண்டும். வடக்கன்குளம் ஆலயத்தினுள் வெள்ளாளரையும் நாடாரையும் ஒரு சுவர் பிரித்து நின்றது. பீடம் ஒன்று, மக்கள் இரு பக்கம். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு வழக்குக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. சுவர் நின்றவரை ஏமாந்தோர் ஒரு பக்கம் இருந்தனர். விழுந்ததும் மறுபக்கம் போயினர். கோயிலையே இழந்ததாக வெள்ளாளர் மெய்யாகவே வருந்தியிருப்பர். வருத்தம் மெய்யாக இருந்தால் போதாது என்பதற்கு இந்நூலாசிரியர் இதனினும் நல்ல சான்று அறியார்.

நூற்பா 4
போனார், போகாது போனார், போயும் போகார்.

உரை: போனாருள் தலையாயவர் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை. நாசரேத்து மிஷனரியோடு மனம் கசந்து வெளியேறி, 1857இல் பிரகாசபுரத்தில் வெள்ளையர் தயவில்லாத தனிச்சபை கண்டார். அங்கே சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று. மனத்தாங்கல் முன்னும் வேத ஆதாரம் பின்னும் வருதல் போனார்க்கு இலக்கணம். இதனால் ஆதாரம் பொய் என்றாகாது. மனத்தாங்கலும் பொய் அன்று.

போகாது போனார், மனத்தால் நீங்கியும் பெஞ்சை நீங்காதார். பிரசங்கம் தொடங்கியதும் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து, அறிக்கை வாசிக்கையில் உள்ளே போவர். சபையின் எல்லாக் குற்றங்குறைகளையும் தேதியோடு அறிந்தவர் இவரே. ஓட்டுக் கூரை ஒழுகினால் முதலில் ஏணி தேடுகிறவரும் இவரே.

போயும் போகார் வகைக்குள் அடங்காதார். இவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, நகை கழற்றி, வெள்ளை உடுத்துபவர். சிசுவாக இருந்தபோது பழைய கோயிலில் பெற்றது ஞானஸ்நானமே அன்று என்று சாதிப்பார். ஆயினும் ஊருக்குப் போகிற தம்பியிடம் ஆண்டுதோறும் பழைய கோயிலின் சங்கக் காணிக்கையைக் கொடுத்தனுப்பத் தவறார். நிலுவை விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்து இடம் சிக்கலாகும். இவரை உள்ளாருள் வைப்பதா புறத்தாருள் வைப்பதா என்பதில் உரைகாரர் வேறுபடுவர். பொருளாளர் வேறுபடுவதில்லை, ரசீது போட்டுவிடுகிறார்.