எல்லா வண்டியிலும் உள்ள சத்தம்

திருவனந்தபுரத்தில், மீன மாச வெயிலில், ஏசி போடாமல், பாட்டை நிறுத்திவிட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கி, தலையை இடப்பக்கம் சாய்த்தபடி ஒருவர் கார் ஓட்டி வந்தால், கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் சிபாரிசு செய்துவிடாதீர்கள். பழைய கார் வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, அவ்வளவுதான். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கரமனையிலிருந்து கழக்கூட்டம் வரை தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் தெருவில் இருப்பவரை நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். தமிழர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், சம்சாரத்துக்கு நாகர்கோவில். அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற உத்தியோகம். அடுத்தவர் எழுதிய குறிப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூடக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் கார் வாங்கும்போது பார்த்தது இரண்டே விஷயம்: வண்டி வெள்ளை, விலை கைக்கு அடக்கம்.

"டாக்டர் ஓட்டின வண்டி" என்று புரோக்கர் சொல்லியிருந்தால் நம்மவர் நம்பியிருக்க மாட்டார். இங்கே விற்பனைக்கு நிற்கிற பழைய கார்களில் பாதி டாக்டர் ஓட்டியவை. மீதிப் பாதி, கல்ஃபில் இருப்பவர் வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வரும்போது மட்டும் எடுத்தவை. 1951இல் மெடிக்கல் காலேஜ் திறந்த நாளிலிருந்து அங்கே படித்து வெளியேறிய அத்தனை டாக்டர்களும் மாசம் ஒரு கார் விற்றால்தான் இந்தக் கணக்கு நேராகும். ஆனால் புரோக்கர் ஆளை எடை போடத் தெரிந்தவர். "சாரே, இது இஸ்ரோக்காரன்றெ வண்டியாணு" என்றார். "ராக்கெட் விடுந்ந ஆள் ஆயில் மாற்றாதிரிக்குமோ?"

இதற்கு என்ன மறுபேச்சு? தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட் கிளம்பிய ஊர் இது. ராக்கெட்டின் மூக்கைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற அந்தப் புகைப்படத்தை நம்மவரும் பார்த்திருக்கிறார். சைக்கிளையே அத்தனை பதனமாகத் தள்ளியவர்கள் காரை எப்படி வைத்திருப்பார்கள் என்று மனசு ஓடிவிட்டது. ராக்கெட் விட்ட அந்த மனுஷர் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டியவர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஓட்டிப் பார்க்கக் கூட்டிப்போனது கவடியாரிலிருந்து வெள்ளையம்பலம் வரை. அரண்மனைப் பக்கமிருந்து நேராக வருகிற அந்தச் சாலையில் மாட்டு வண்டி போனாலும் சத்தம் வராது. ஊரில் உள்ள அத்தனை புரோக்கர்களும் அங்கேதான் வண்டி காட்டுவார்கள். அந்தச் சாலைக்குச் செலவாகிற காசில் பாதியை இவர்களிடம் வசூலிக்கலாம். திரும்பும் வழியில், குழாய் போடத் தோண்டிக் கிடந்த ஒரு சந்தைக் காட்டி, "இப்படியும் ஒரு தடவ..." என்று நம்மவர் இழுத்தார். "அவிடெ பிளாக்கா, சாரே" என்றார் புரோக்கர்.

பழவங்காடி கணபதி கோயிலில் பூஜை ஆயிற்று. பட்டாளத்தார் நிர்வாகத்தில் இருக்கும் கோயில், ஒழுங்கில் குறையே இருக்காது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு தேங்காய் உடைத்தார். (ஒன்று போதாது என்று அன்றே என் மனதில் பட்டது.) வீட்டுக்கு வந்ததும் நாகர்கோவில் மச்சினருக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினார்.

இந்த மச்சினரைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நம்மவரைப் புரிந்துகொள்ள முடியாது. "சின்ன வண்டியா இருந்தாலும் புதுசா வாங்குங்க அத்தான். பழசு வாங்குனா, வண்டி வாங்குனது பாதி, வைத்தியம் பாக்குதது பாதி" என்று முன்பே சொன்னவர் அவர். பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவன் விலையைக் குறைக்கிறான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் நிற்பதெல்லாம் ஓட்டை வண்டி. மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை, 2001இல் நோபல் பரிசு வரை போனது. எல்லாம் சரி. ஆனால் அக்கர்லாஃப் மச்சினரைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாங்கிய பிறகு குறை தெரிந்தாலும், அதை வெளியே சொல்ல முடியாத நிலைமை ஒன்று உண்டு என்பது அவர் சமன்பாட்டில் இல்லை.

சத்தம் முதலில் வந்தது கரமனைப் பாலம் தாண்டி ஒரு ஹம்ப்பில். முன்பக்கம் இடது சக்கரத்தருகே, 'கிடுக்' என்று ஒன்று. நம்மவர் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிக்கியில குடை உருளுது" என்று இவரே சொல்லிக்கொண்டார். குடை வீட்டில் இருந்தது.

இந்த ஜாதி மனிதர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். காரில் குறை தெரிந்ததும் அதைச் சரி செய்யப் புறப்படுவார்கள் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. அது குறையே இல்லை என்று சொல்ல ஒரு ஆளைத் தேடித்தான் புறப்படுவார்கள். முதல் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, லிவர் போட்டு நெம்பிப் பார்த்து, "லோயர் ஆர்ம் புஷ் போயி" என்றார். சரியான பேச்சு, சின்ன வேலை. நம்மவர் "நாளை வரேன்" என்று வண்டியை இறக்கச் சொல்லிவிட்டார்; அந்த ஆளுக்கு அனுபவம் போதாதாம். இரண்டாவது ஆள் லிங்க் ராடும் சேர்ந்து ஆடுகிறது என்றார். அதோடு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடி, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்: பெல்ட் பக்கம் ஒரு பேரிங் முனகுகிறது. அவருக்குக் காசு பிடுங்குகிற புத்தியாம். மூன்றாவது ஆள் கிள்ளிப்பாலத்தில் அகப்பட்டார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "ஒரு குழப்பவும் இல்லா சாரே. இது எல்லா வண்டிக்கும் உள்ளதாணு" என்றார். நம்மவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சம் மகளுக்கு ரேங்க் கிடைத்த அன்றுகூட வரவில்லை. அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார், பழம்பொரி வாங்கிக் கொடுத்தார், அன்று முதல் ஊரில் யாருக்கு வண்டிப் பிரச்சினை என்றாலும் அவரையே கைகாட்டினார். "கைராசியான ஆள்" என்பார்.

ஆனால் நிம்மதிக்கும் ஆயுள் உண்டே. ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். டயர்! 'நாலும் புது டயர்' என்று இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய், டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படித்தார்: 1124. அதாவது 2024ஆம் வருஷத்துப் பதினோராவது வாரம் செய்தது. மீட்டரில் 38,000 கிலோமீட்டர். அவ்வளவே ஓடிய வண்டிக்கு நாலு டயரும் ஏன் மாற்றினார்கள்? பிரேக் பெடலில் டார்ச் அடித்தார். ரப்பரில் வரியே இல்லை, மழுமழு. டார்ச்சை அணைத்தார். பார்க்காததுபோல் மேலே போய்ப் படுத்துவிட்டார்.

அப்புறம் மழை வந்தது. மழையோடு வண்டிக்குள் ஒரு வாடை.

2017 மாடல் வண்டி வைத்திருக்கும் மலையாள நாட்டுக்காரனுக்கு வாடை என்பது மூக்கைச் சேர்ந்த விஷயம் இல்லை. 2018 ஆகஸ்டில் இந்த வண்டி எங்கே நின்றது என்ற கேள்வி அது. பெருவெள்ளத்தில் முங்கிய ஊர்களின் பதிவெண்ணை இங்கே பழைய வண்டி பார்க்கிற எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: ஆலுவா 41, சாலக்குடி 64, செங்கன்னூர் 30, திருவல்லா 27. நம்முடையது 01, சுத்தத் திருவனந்தபுரம். ஆனாலும் வண்டிக்குக் கால் இல்லையா, அந்த ஆகஸ்டில் ஏதாவது கல்யாணத்துக்கு ஆலுவா போயிருந்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக் கார்கள் வேறு ஊர்களில் போய் விலைபோன கதையை மச்சினர்தான் முன்பு சொல்லியிருந்தார்.

யாரோ ஒரு வழி சொன்னார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் கிடந்த வண்டி என்றால், சுருளுக்குள் மறைந்திருந்த பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். நம்மவர் இழுத்தார். கறை இல்லை. அதில் வந்த சந்தோஷத்தில் பால்காரருக்கு இழுத்துக் காட்டினார், எனக்குக் காட்டினார், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் வண்டியடிக்குக் கூட்டிப்போய் இழுத்துக் காட்டினார். வாடை ஏசியின் கூலிங் காயிலில் ஏறியிருந்த பூஞ்சையிலிருந்து வந்தது. சுத்தம் பண்ணியதும் போய்விட்டது. பெல்ட்தான் ஒருநாள் வெளியே வந்தது திரும்ப உள்ளே போக மறுத்துவிட்டது.

பெல்ட் போடாமல் பட்டம் பக்கம் போன அன்று கேமரா பிடித்தது. மாநிலம் முழுக்க 726 கேமராக்களை வைத்து 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடுகிறார்களே, அதில் ஒன்று. ஆனால் செய்தி போனது நம்மவருக்கு இல்லை. ஆர்சி இன்னும் பேர் மாற்றவில்லை. விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 29, படிவம் 30 — எல்லாம் ஒப்பிப்பார். அலுவலகத்தில் அடுத்தவர் கோப்பு என்றால் அன்றே முடிப்பவர், தன் கோப்பை மேஜைக்குள் வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிடலாமோ என்ற நப்பாசை உள்ளே இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆக, இத்தனை வாரமாகப் போனை எடுக்காமல் இருந்த பழைய ஓனர் அன்று தானே கூப்பிட்டார், அபராதத்துக்காக. நம்மவர் பணிவாக மன்னிப்புக் கேட்டு, 500 ரூபாயை அப்போதே அனுப்பி, பேர் மாற்ற நாளையே போவதாகச் சத்தியம் பண்ணிவிட்டு, கடைசியாக மெதுவாகச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார்.

"முன்னில், இடத்து வசத்தோ?" என்றார் ராக்கெட்காரர், பழைய சிநேகிதரைப் பற்றி விசாரிக்கிற குரலில். "இப்போழும் உண்டா?"

அன்று ராத்திரிதான் நம்மவருக்குச் சட்ட ஞானம் பிறந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வழக்குப் போட இரண்டு வருஷம் டயம், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது. பாதி வரை தூக்கிவிட்ட சட்டம் மீதியில் கீழே போட்டது. விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். தன் சொந்த வண்டியை ஒரு தடவை விற்கிற தனி ஆளை அங்கே நிறுத்துவது கஷ்டம். புரோக்கரோ எந்தக் காகிதத்திலும் இல்லை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் மோசம்: பொருளைப் பார்த்துத்தானே வாங்கினாய், பார்த்தால் தெரிந்திருக்கக் கூடிய குறைக்கு அவன் பொறுப்பில்லை என்கிறது. நம்மவர் பார்த்தது கவடியார் சாலையை. ஆனாலும் புகார் ஒன்று எழுதினார். அவர் இதுவரை எழுதிய அலுவலகக் குறிப்புகள் எதிலும் இல்லாத நடை, சூடு. அனுப்பவில்லை. வழக்கு என்றால் நோட்டீஸ் வரும், தேதி வரும், தேதி தெரிந்தால் சம்சாரத்துக்குத் தெரியும், சம்சாரத்துக்குத் தெரிந்தால் நாகர்கோவிலுக்குத் தெரியும்.

மச்சினர் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார். "வண்டி எப்படிப் போகுது அத்தான்?"

"பட்டு மாதிரி போகுது மாப்ள."

ஒவ்வொரு குறைக்கும் அந்தப் பட்டில் ஒரு ஜரிகை ஏறும். பேரிங் முனகிய வாரம், "இன்ஜின் ஓடுதான்னே தெரியல" என்றார். கிளட்ச் வழுக்க ஆரம்பித்து, பேரூர்க்கடை ஏற்றத்தில் வண்டி இரைச்சலை மட்டும் ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்ற வாரம், மைலேஜ் 22 என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஆசை வந்தது.

போன ஞாயிறு மச்சினர் வேறு மாதிரி ஆரம்பித்தார். "அத்தான், எங்க ஆபீஸ்ல ஒருத்தன் புது வண்டி வாங்கிட்டு சர்வீஸ் சென்டருக்கும் வீட்டுக்குமா அலையுதான். நான் சொன்னது தப்புதான் அத்தான். நீங்க அதக் குடுத்திருங்க, வாங்குன வெலைக்கு மேல இருபதாயிரம் தாரேன்."

சமையலறையில் மிக்ஸி நின்றது. சம்சாரம் எட்டிப் பார்த்தார்.

"அது கேரளா வண்டி மாப்ள" என்றார் நம்மவர். "படிவம் 28ல என்ஓசி வாங்கணும், அங்க மறுபடி வரி கட்டணும், நம்பர் மாத்தணும், ஒரே அலைச்சல்..."

"நம்பர் மாத்த ஒரு வருசம் டயம் இருக்குல்லா அத்தான்? களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கேரளா வண்டியே ஓடலியா? ஞாயித்துக்கெழம வாரேன். மார்த்தாண்டத்துல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் உண்டு, அவரயும் கூட்டிட்டு வாரேன். சும்மா ஒரு பார்வ."

திங்கள் காலை கிள்ளிப்பாலத்து வொர்க்‌ஷாப் ஷட்டர் ஏறும்போதே நம்மவர் வாசலில் நின்றார். கைராசிக்காரர் வழக்கம்போல் சிரித்தார். "எந்தா சாரே, சத்தம் கூடியோ? பேடிக்கண்டா, இது எல்லா வண்டிக்கும்—"

"அது வேண்டா" என்று நம்மவர் கத்தியது எதிர்க்கடை வரை கேட்டதாம். "புஷ், லிங்க் ராட், பேரிங், கிளட்ச், பெல்ட், பெடல் ரப்பர். எந்தொக்கெ உண்டோ எல்லாம் மாற்றணும். சனியாழ்ச்ச ராத்திரிக்குள்ளில்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். நம்மவரை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"வண்டி விற்கான் போகுகயாணோ, சாரே?"