சாவி சரி, பூட்டு எது?

கேள்வி: குடும்பப் படங்களை எல்லாம் வீட்டு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறோம். புது விண்டோஸ் 11 லேப்டாப் வந்ததிலிருந்து, சரியான பாஸ்வேர்ட் போட்டும் உள்ளே விட மறுக்கிறது!
- வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: எந்தப் பாஸ்வேர்ட் போட்டீர்கள்? லேப்டாப்பைத் திறக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது. கரோல் பாக் வீட்டுச் சாவி மயூர் விஹார் பூட்டில் நுழையுமா? பெட்டிக்குள் நீங்கள் உருவாக்கிய பயனர் பெயரும் அதன் பாஸ்வேர்டும்தான் வேண்டும். அப்படியும் மறுத்தால், கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பெட்டியின் பெயரில் கிடக்கும் பழைய பதிவை அழியுங்கள். விண்டோஸ் அதையேதான் விடாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட்.

பாஸ்வேர்டே இல்லாத 'கெஸ்ட்' வழியில் நுழைந்து பழகியவரா? விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அந்தக் கதவை அடைத்துவிட்டது. நல்ல காரியம். பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி1-ஐ மறுபடி இயக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகமெங்கும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, வீட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கு தொடங்கிக் கொடுங்கள்.