நாமத்தைப் பாத்து ஆளை நம்பாத

டேய் பேராண்டி, இப்படி வந்து குந்து. மகேந்திரா சிட்டியில புள்ளைக்குப் பெரிய வேலைன்னு உங்கம்மா சிங்கப்பெருமாள் கோவில் பூராவும் சொல்லிக்கினு திரியறா. நீ என்னடான்னா ஒரு அரிசி மண்டி வெப்சைட்டுக்குத் தீம் மாத்த பன்னெண்டு ஆப்ஷன் வச்சிருக்க. ஐபோனுக்கு ஒண்ணு, ஆண்ட்ராய்டுக்கு ஒண்ணு, பிளாக்பெர்ரிக்கு ஒண்ணு. பிளாக்பெர்ரியில பொன்னி அரிசி வாங்க எவன்டா வரான்? வந்தா சொல்லு, மாலையோட நிக்கறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டுல நெட் சென்டர் வச்சிருந்த கிழவன் சொல்றேன், காதுல வாங்கு. பிரவுசரு உள்ள வரும்போதே யூசர் ஏஜென்ட்டுன்னு தன் பேரு எழுதின ஒரு சீட்டை நீட்டும். அதை நீ அப்படியே நம்பற. நம்ம பாடலாத்ரி நரசிம்மருக்கு அர்ச்சகர் நாமத்தை விலக்கிக் காட்டினாத்தானே நெத்திக்கண்ணு தெரியுது? பிரவுசரும் நாமம் போட்டுக்கினுதான் வருது. விலக்கிக் காட்ட அங்க அர்ச்சகர் கிடையாது.

தொண்ணூறுகள்ல நெட்ஸ்கேப் தன்னை மொசில்லான்னு சொல்லிக்கும். நல்ல பக்கமெல்லாம் அந்தப் பேருக்குத்தான் கிடைக்கும். பாத்தான் மைக்ரோசாஃப்ட்காரன், அவனோட எக்ஸ்ப்ளோரர் சீட்டுலயும் மொசில்லான்னு எழுதிக்கினு நுழைஞ்சான். அப்புறம் சஃபாரி, மொசில்லாவோட எஞ்சின் கெக்கோ பேரைப் புடிச்சு ‘கெக்கோ மாதிரி’ன்னு எழுதிச்சு. குரோம் சஃபாரி பேரையும் சேத்துக்கிச்சு. எட்ஜ் அந்த ரெண்டு பேரையும் வாரிப் போட்டுக்கிச்சு. 2009-ல ஓபரா 10 வந்தப்போ, உன்ன மாதிரி கெட்டிக்காரனுங்க முதல் இலக்கத்தை மட்டும் படிச்சு அது 1-ன்னு தள்ளி வச்சாங்க. பாவம், அது 9.80-ன்னு வயசைக் குறைச்சுச் சொல்லித்தான் உள்ள வந்துச்சு.

பேரு தெரிஞ்சாலும் என்ன பிரயோஜனம்? அப்ப பசங்க நோக்கியாவுல ஓபரா மினி வச்சிருப்பானுங்க. தமிழ்ப் பக்கம் தொறந்தா வெறும் கட்டம் கட்டமாத் தெரியும். முகவரியில ஓபரா கான்ஃபிக்னு அடிச்சு, கடைசியில இருக்கற பிட்மேப் எழுத்துக்கு ‘யெஸ்’ போட்டுக் குடுப்பேன். தமிழு படமா வந்து இறங்கும். பக்கத்தைச் சமைச்சு அனுப்பினதே ஓபராவோட சர்வருதான், போன் வெறுமனே வாங்கிக் காட்டும். அதே போன், அதே பிரவுசரு. ஒருத்தனுக்குத் தமிழ் தெரியும், பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. இதை எந்தச் சீட்டுலடா படிப்ப?

இப்ப இன்னும் மோசம். 2019-ல இருந்து ஐபேடு ‘நான் மேக்கு’ங்குது. குரோம் 2023-ல இருந்து ஆண்ட்ராய்டு போன் எல்லாத்தையும் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ன்னு ஒரே பேருல கூப்பிடுது. லட்ச ரூபா போனும் கேதான், உன் சித்தப்பனோட ஒடஞ்ச போனும் கேதான்.

அதனால பேரைக் கேக்காத, திரை அகலத்தைக் கேளு. ஈத்தன் மார்க்கோட்டுன்னு ஒருத்தர் 2010-லயே எழுதி வச்சாரு: ஒரே பக்கம், மீடியா குவெரி போட்டா அகலத்துக்குத் தக்கன அதுவே மடிஞ்சுக்கும். மண்டிக்காரர் போனுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு தீம் இருந்தே தீரணும்னு அடம் புடிச்சா, சீட்டுல பேரைத் தேடற வரிசையையாவது ஒழுங்கா வை. எட்ஜை முதல்ல கேளு, அப்புறம் குரோம், கடைசியில சஃபாரி. குரோமை முதல்ல கூப்பிட்டா எட்ஜும் கையைத் தூக்கும். ஆண்ட்ராய்டு சீட்டுல ‘மொபைல்’ங்கற வார்த்தை இல்லாட்டி அது அனேகமா டேப்லெட்டு. பக்கத்தை எடுத்து வச்சிருந்து குடுக்கற கேஷ்கிட்டயும் ரெண்டு தீம் இருக்குன்னு சொல்லி வை. இல்லாட்டி முதல்ல போன்ல வந்தவனுக்குக் குடுத்ததையே கம்ப்யூட்டர்ல வரவனுக்கும் ஊத்தும்.

மிச்ச ஆப்ஷனை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கீழ ‘முழுத் தளம்’னு ஒரே ஒரு பட்டன் வை. ஒருத்தன் அதை அமுக்கினா குக்கீயில முடிஞ்சு வச்சுக்க. அடுத்த பக்கத்துல மறுபடியும் போன் தீமுக்கே இழுத்துக்கினு போனேன்னு வையி, அவன் அரிசியும் வாங்க மாட்டான், அவன் பொண்ணையும் உனக்குக் குடுக்க மாட்டான்.