நண்பன் செய்த நன்மை

என் சேமிப்பையும் வீட்டு அமைதியையும் ஒரே குளிர்காலத்தில் காலி செய்துகொடுத்த நண்பனுக்கு நன்றி. சின்ன வயதில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து பனிவண்டியில் போன ஆசை நீறுபூத்துக் கிடந்தது. அதை ஊதிவிட்டு, 1970-ஆம் ஆண்டு மஞ்சள் ஸ்கி-டூ பனிவண்டி ஒன்றையும் என் தலையில் கட்டியவன் அவன்தான்.

பனியில் முடங்கிக் கிடந்த மக்களை வெளியே கொண்டுபோக வாழ்நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவர் க்யூபெக்கின் வால்கூர் ஊர்க்காரர் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. 1959-இல் அவர் விற்பனைக்கு விட்டதுதான் ஸ்கி-டூ. அவர் புண்ணியத்தில் நான் அதைப் பழுதுபார்த்துக்கொண்டு கொட்டகையைவிட்டு வெளியே வருவதே இல்லை.

என் வண்டியில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் படுத்துவிடும். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் மட்டும் பயில்வான் ஆகிவிட்டது. இன்றைய வண்டிகள் பொத்தானை அழுத்தினால் கிளம்புகின்றன, கைப்பிடிகூடச் சூடாகிறது. சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்புகிறவனிடம் சொல்ல என்ன கதை இருக்கும், பாவம்!

எழுபதுகளின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பனிவண்டி செய்தன. பெரும்பாலானவை சீக்கிரமே கடையைக் கட்டின. அப்படி மறைந்த கம்பெனி ஒன்றின் வண்டியைத்தான் நண்பன் அடுத்து வாங்கச் சொல்கிறான். உதிரிபாகத்துக்கு எங்கே போவது? அதற்கும் யோசனை வைத்திருக்கிறான்: அதே மாதிரி இன்னொன்று வாங்குவது.

என் மனைவியும் அவனுக்குத் தனியாக நன்றி சொல்லக் காத்திருக்கிறாள். ஹெல்மெட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.